கண்டர்சன் காபி குடித்து முடிப்பதற்குள்

என் மகனுக்கு கோல்பி என்று பெயர் வைத்தது அவன் அப்பா. அது எங்கள் விஸ்கான்சினில் பிறந்த ஒரு பாலாடைக்கட்டியின் பெயர். பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் மனுஷனுக்குக் கடைசியாகச் சாப்பிட்டதுதான் ஞாபகத்துக்கு வந்திருக்கிறது. பெயர் வைத்த புண்ணியவான் இப்போது அரிசோனாவில் வெயில் காய்கிறார். பாலாடைக்கட்டியும் நானும் இங்கே பனியில் கிடக்கிறோம்.

நான் ரெனே சாஸ்ட்ரோ. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். கூடவே எங்கள் ஊர்க் கம்யூனிட்டி காலேஜில் கம்ப்யூட்டர் என்ஜினியரிங் டெக்னாலஜி படிக்கிறேன். ஆசைப்பட்டெல்லாம் சேரவில்லை, கோபத்தில் சேர்ந்தேன். ஒரு ஜனவரிக் காலையில் பஸ்ஸின் முகப்பில் மஞ்சள் விளக்கு எரிந்து, வண்டி நகரமாட்டேன் என்று அடம்பிடித்தது. என் மகன் வயதில் ஒரு மெக்கானிக் லேப்டாப்போடு வந்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் செருகினான், நாலு தட்டு தட்டினான், வண்டி கிளம்பிவிட்டது. "என்னப்பா கோளாறு?" என்று கேட்டேன். "சொன்னா உங்களுக்குப் புரியாது மேடம்" என்றான். அன்று சாயங்காலமே காலேஜுக்குப் போய், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டேன். புரியாதாமே!

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் கோல்பி சிரித்தான். அப்போது அவன் நிலவறையில் சோபாவே கதி என்று கிடந்தான். பெரிய பல்கலைக்கழகத்துக்குத்தான் போயிருந்தான். அங்கே ஒரு பரீட்சைத் தாளில் சிவப்பு மையைப் பார்த்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். தப்பு என்று யாராவது சொல்லிவிட்டால், தப்பைத் திருத்தமாட்டான், வேலையையே விட்டுவிடுவான். மூளைக்குக் குறைவில்லை. காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சுதான், அது எனக்கும் தெரியும். ஆனால் இவன் நிஜமாகவே பொன்.

"நீ படிக்கப் போறியா? நீயா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"சிரிச்சேல்ல? நீயும் கிளம்பு. சோபாவுக்கும் கொஞ்சம் ஓய்வு குடு."

கிளம்பினான். ஆனால் நிபந்தனைகளோடு. காலேஜில் நான் அவனுக்கு அம்மா இல்லை, ரெனே. பக்கத்தில் உட்காரக் கூடாது. சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வரக் கூடாது. மூக்கைத் துடைத்துக்கொள் என்று சொல்லவே கூடாது. எல்லாவற்றுக்கும் சரி என்றேன். ஆனால் எங்கள் வாத்தியார் கண்டர்சன், இரண்டு இரண்டு பேராக மேஜைக்குப் பிரிக்கும்போது குடும்பப் பெயரின் அகரவரிசையில்தான் பிரிப்பார். எங்கள் சாஸ்ட்ரோவை ஆங்கிலத்தில் எழுதினால் கடைசி எழுத்தான இசட்டில் ஆரம்பிக்கும், அப்படிப்பட்ட பெயர் வகுப்பில் இரண்டே பேருக்கு. கடைசி மேஜையில் நானும் என் மகனும் போய் உட்கார்ந்தோம். பக்கத்து மேஜை டுவேன், காகித ஆலை மூடியபிறகு படிக்க வந்தவர், அன்றைக்குச் சிரித்த சிரிப்பு பருவம் முழுக்க ஓயவில்லை.

மூன்றாம் பருவத்தில் ஒவ்வொரு மேஜையும் சொந்தமாக ஒரு கருவி செய்து காட்ட வேண்டும். அது தேறினால்தான் கடைசிப் பருவத்துக்குள் போகலாம். எங்கள் யோசனை என் பஸ் ஷெட்டிலிருந்து வந்தது. எங்கள் ஊர்க் குளிரில் டீசல் என்ஜின் ராத்திரி முழுக்கச் சூட்டிலேயே இருக்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு பஸ்ஸிலும் ஒரு ஹீட்டர், அதன் பிளக்கை ஷெட் சுவரில் செருகிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். யாராவது மறந்தாலோ, பிளக் கழன்று விழுந்தாலோ, காலையில் வண்டி கிளம்பாது. குழந்தைகள் பனியில் நின்று விறைப்பார்கள். நாங்கள் செய்தது இரண்டு பெட்டி. ஒன்று பஸ்ஸுக்குப் பக்கத்தில் இருந்து ஹீட்டருக்குக் கரண்ட் போகிறதா என்று பார்க்கும். போகவில்லை என்றால் ரேடியோ வழியாக ஆபீஸில் இருக்கும் மற்றப் பெட்டிக்குச் சொல்லும். அங்கே சிவப்பு விளக்கு எரியும். அவ்வளவுதான்.

புரோகிராம் கோல்பியின் பாடு. ஈயத்தை உருக்கி வயரை ஒட்டும் சால்டர் வேலை என் பாடு. பஸ் ஸ்டியரிங் பிடித்த கை நடுங்காது. எந்த வயர் சிப்பின் எந்தக் கம்பிக் காலுக்கு என்று படம் போட்டுக் கொடுப்பதும் கோல்பிதான்.

கண்டர்சன் கடற்படையில் இருந்தவர். அவருக்கென்று இரண்டு சட்டங்கள் உண்டு. ஒன்று, கருவியைக் காட்டும் நாளில் யாரும் தன் வேலையைத் தானே விளக்கக் கூடாது. சால்டர் வைத்தவர் புரோகிராமை விளக்க வேண்டும், புரோகிராம் எழுதியவர் போர்டை விளக்க வேண்டும். "கப்பல்ல பக்கத்துல நிக்கிறவன் விழுந்துட்டா, அவன் வேலைய நீதான் பாக்கணும். அவன் என்ன பண்ணிட்டு இருந்தான்னு உனக்குத் தெரியலன்னா கப்பல் முழுகும்" என்பார். இரண்டாவது, கருவி வேலை செய்யவில்லை என்றால், அவர் மற்ற மேஜைகளைப் பார்த்து முடிக்கும்வரை சரிசெய்துகொள்ளலாம். அதுவும் அகரவரிசையில்தான். எங்களுக்குப் பின்னால் மேஜை ஏது?

"அப்போ எங்களுக்கு சார்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உங்களுக்கு நான் ஒரு கப் காபி குடிப்பேன்" என்றார். "மெதுவாத்தான் குடிப்பேன், கவலப்படாதீங்க."

இப்படியிருக்க, காட்டும் வாரத்தின் செவ்வாய்க்கிழமை கண்டர்சன் எங்கள் மேஜைப் பக்கம் வந்து, கோல்பியின் தோளுக்கு மேலாக லேப்டாப்பை எட்டிப் பார்த்தார். "இந்த இடம் தப்பு. பேட்டரிய மிச்சப்படுத்தப் பெட்டி தூங்கி எழுந்திருக்கும்போது இது மாட்டிக்கும்" என்றார். சொன்னது சரி, சொன்ன விதமும் மரியாதையாகத்தான் இருந்தது. கோல்பி லேப்டாப்பைப் படாரென்று மூடினான். கோட்டைக்கூட எடுக்காமல் வெளியே போனான்.

நான் கோட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். கார் நிறுத்துமிடத்தில் பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"கோட்டப் போடுடா, காது விறைச்சு விழுந்துடும்."

"எனக்கு இது சரிப்படாதும்மா. தேறலன்னா நான் டாரல் மாமாகூடப் போயிடறேன். சனிக்கிழமை விடிகாலைல கிளம்பறாராம்."

டாரல் என் தம்பி. வடக்கு டகோட்டாவில் எண்ணெய்க் கிணற்று வேலை. நல்லவன்தான். ஆனால் போன வருஷம் ஒரு விரலை அங்கேயே விட்டுவிட்டு வந்தான், அதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறவன்.

"ஒரு தப்பு சொன்னதுக்கா போவ?"

"உனக்கென்ன, நீ ஆமை மாதிரி போவ, யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. உன் வேகத்துக்கு நான் காத்துக்கிட்டு இருந்தா கிழவனாத்தான் ஆவேன்!"

சொல்லிவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனான். நான் காரில் உட்கார்ந்து கண்ணாடியில் படிந்த பனியைத் துடைத்தேன். என் கண்ணையும் கொஞ்சம் துடைத்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் அவன் பயணப் பை மாடிப்படிக்குக் கீழே வந்து உட்கார்ந்தது. துணிகள், கம்பளிச் சாக்ஸ், மேலே மான்தோல் கையுறை. நான் அதைத் தாண்டித் தாண்டித்தான் சமையலறைக்குப் போக வேண்டியிருந்தது. இந்தப் பெட்டி வேலை செய்யாவிட்டால் என் பிள்ளை போய்விடுவான். எனக்கு மார்க்கும் வேண்டாம், பட்டமும் வேண்டாம், அவன் இருந்தால் போதும் என்று தோன்றியது.

புதன்கிழமை இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனாலும் கண்டர்சன் சொன்ன இடத்தை அவன் திருத்தியிருந்தான், அதைக் கவனித்தேன். வியாழக்கிழமை சமையலறை மேஜையில் படம் போட்டு வைத்திருந்தான். அதைப் பார்த்து பஸ் பெட்டியின் போர்டில் சால்டர் வைத்தேன். ஒவ்வொரு புள்ளியும் மீன் கண்ணாகப் பளபளத்தது. மேஜையிலேயே வைத்துவிட்டுப் படுக்கப் போனேன். பஸ்காரிக்கு விடியல் சீக்கிரம்.

வெள்ளிக்கிழமை. காலை ஓட்டம் முடிந்து போர்டை எடுத்துக்கொண்டு லேபுக்கு வந்தேன். கோல்பி பெட்ரோல் பங்க்கில் வேலைக்குப் போயிருந்தான், வகுப்புக்கு நேராக வந்துவிடுவான். பஸ்ஸைக் கிளப்புவதற்கு முன் அதைச் சுற்றி வந்து டயர், விளக்கு, கதவு என்று ஒவ்வொன்றையும் கையால் தொட்டு, வாயால் சொல்வது எங்கள் வழக்கம். போர்டையும் அப்படித்தான் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். பேட்டரி, சரி. சென்சார், சரி. ரேடியோ…

ரேடியோவில் இரண்டு கால்கள் முக்கியம். ஒன்று பேசும், ஒன்று கேட்கும். கம்ப்யூட்டர் சிப்பிலும் அதே மாதிரி இரண்டு. இதன் பேசும் காலை அதன் கேட்கும் காலோடு சேர்க்க வேண்டும், குறுக்காக. "வாயைக் காதுகிட்ட வைங்க" என்று கண்டர்சன் முதல் வகுப்பிலேயே சொல்வார். "வாயோட வாயை வச்சா அது வேற சமாச்சாரம், அதுக்கு இந்த லேப் இடமில்ல." எங்கள் போர்டில் வாய் வாயோடும், காது காதோடும் இருந்தது. படத்தை எடுத்துப் பார்த்தேன். படத்திலேயே அப்படித்தான் இருந்தது.

என் பிள்ளையின் தப்பு.

போனை எடுத்து அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். பையின் மேலே கிடந்த கையுறைதான் கண்ணில் நின்றது. சால்டரைச் சூடாக்கினேன், இரண்டு வயரையும் எடுத்துக் குறுக்காக மாற்றி வைத்தேன். படத்தைச் சுருட்டிக் கோட்டுப் பைக்குள் போட்டேன். மின்சாரம் கொடுத்துப் பார்க்கலாம் என்று நினைக்கும்போதே ஷெட்டிலிருந்து போன். மத்தியான மழலையர் வண்டிக்கு ஓட்டுநர் வரவில்லை, ரெனே, ஓடி வா! போர்டைப் பெட்டியில் திருகிவிட்டு ஓடினேன். யாருக்கும் தெரியாமல் பிள்ளையைக் காப்பாற்றிவிட்டேன் என்று வழியெல்லாம் ஒரே பெருமை.

நான் திரும்பி வந்தபோது கண்டர்சன் டுவேனின் மேஜையில் இருந்தார். டுவேனின் கருவி நாய்க்குத் தானாகவே சாப்பாடு போடும். அவர் நாயைக் கொண்டுவரவில்லை, தானே கிண்ணத்தின் முன் குனிந்து காட்டினார். தேறிவிட்டார்.

கோல்பி எங்கள் மேஜையில் தயாராக நின்றான். முகத்தில் என்னவோ ஒரு தெளிவு. "வந்துட்டீங்களா ரெனே?" என்றான். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். லேபில் மட்டும் எனக்கு 'நீங்க' கிடைக்கும்.

கண்டர்சன் வந்து கையைக் கட்டிக்கொண்டார். "ஆரம்பிங்க."

பஸ் ஹீட்டருக்குப் பதிலாக ஒரு மேஜை விளக்கு. நான் அதன் பிளக்கைப் பிடுங்கினேன். விளக்கு அணைந்தது. லேபின் மறுகோடியில், ஜன்னலோரம் வைத்த ஆபீஸ் பெட்டியில் சிவப்பு எரிய வேண்டும்.

எரியவில்லை.

செருகினேன், மறுபடி பிடுங்கினேன். ஒன்றும் இல்லை. கோல்பியின் முகத்தில் இருந்த தெளிவு போன இடம் தெரியவில்லை.

"சரி, விளக்கம் சொல்லுங்க" என்றார் கண்டர்சன், ஒன்றுமே நடக்காதது போல. தன் பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் காபியை ஊற்றினார். அதிலிருந்து ஆவி பறந்தது. அந்த ஆவி அடங்கி மூடி காலியாவதற்குள் நாங்கள் சரிசெய்தாக வேண்டும்.

கோல்பி போர்டைத் தன் பக்கம் திருப்பினான். "இது பேட்டரி… இது சென்சார்… இங்க ரேடியோ. இதுல ரெண்டு வயர் நேரா…" என்று ஆரம்பித்தவன் நிறுத்திவிட்டான். போர்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். "இது குறுக்கா இருக்கே! நேத்து நேராத்தானே இருந்துச்சு?"

நான் அப்போது அவன் லேப்டாப்பில் புரோகிராமைப் படித்துக்கொண்டிருந்தேன், என் முறை வந்தால் சொல்ல வேண்டுமே என்று. எந்தக் கால் பேசும், எந்தக் கால் கேட்கும் என்று சிப்புக்குச் சொல்லும் வரி மேலேயே இருக்கும். எனக்கு அது மனப்பாடம். அந்த வரியில் இரண்டு எண்களும் இடம் மாறியிருந்தன.

"நீ இந்த நம்பர மாத்தினியா?" என்றேன்.

"நீ வயர மாத்தினியா?" என்றான்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். டுவேன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வசதியாக உட்கார்ந்தார்.

"நேத்து நீ தூங்கினப்புறம் போட்டுப் பார்த்தேன்" என்றான் கோல்பி. "பேசல. பார்த்தா நீ வயர நேரா வச்சிருக்க. சரி, சொன்னா நீ வருத்தப்படுவன்னு புரோகிராம்லயே மாத்தி விட்டுட்டேன். சூப்பரா வேலை செஞ்சுதும்மா! அதைப் போய் நீ ஏன் நோண்டின?"

அவன் சொன்னது முழுவதும் என் காதில் ஏறவில்லை. நீ நேரா வச்சிருக்க என்பது மட்டும் ஏறியது. தப்பு என்னுடையது என்று நினைத்து அதை மூடி மறைத்திருக்கிறான் பிள்ளை. எனக்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. ஆமாம்டா, அம்மா தப்புப் பண்ணிட்டேன் என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது. அவன் எண்ணைத் திருப்பி மாற்றுவான், விளக்கு எரியும், பை மாடிப்படியை விட்டு நகராது. வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் என் சால்டர் புள்ளிகள் ஒவ்வொன்றும் மீன் கண் மாதிரிப் பளபளத்துக்கொண்டிருந்தன. கூடவே இன்னொன்றும் தோன்றியது. இன்றைக்கு மூடி மறைத்தால் நாளைக்கும் மறைக்க வேண்டும். இவன் நாற்பது வயதிலும் சிவப்பு மையைக் கண்டு ஓடுவான், நான் கழுத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே துடைத்துக்கொண்டு போவேனா?

"நான் உன் படத்தப் பார்த்துத்தான் வச்சேன்" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாகவே வந்தது. "படம்தான் தப்பு. வாயோட வாய வச்சிருந்த நீ."

"இல்ல, நான் குறுக்காத்தான் போட்டேன்."

கோட்டுப் பையிலிருந்து படத்தை எடுத்து மேஜையில் விரித்தேன். அவன் பார்த்தான். காது நுனி சிவந்தது. அந்தச் சிவப்பு எனக்குப் பழக்கம். அடுத்தது என்ன நடக்கும் என்பதும் பழக்கம்தான். கதவைப் பார்ப்பான்.

கதவைப் பார்த்தான்.

"பார்த்தேல்ல, அப்பவே ஏன் சொல்லல?" என்று கேட்டான். கத்தவில்லை.

"சொன்னா நீ போயிடுவ."

அவன் படத்தின் சுருக்கத்தைக் கையால் நீவினான்.

"நீ ஏன்டா சொல்லல? நான்தான் தப்பா வச்சேன்னு நெனச்சேல்ல?"

"சொன்னா நீ அழுவ."

"நான் எப்படா அழுதேன்?"

"செவ்வாக்கிழம, பார்க்கிங்ல" என்றார் டுவேன் தன் இடத்திலிருந்தே. "என் வண்டி பக்கத்துலதான் நின்னுச்சு. நல்லாவே அழுத, ரெனே."

"உங்க நாய்க்குப் போய்ச் சோறு போடுங்க டுவேன்!" என்று கத்தினேன். லேபே சிரித்தது. கோல்பி சிரிக்கவில்லை, என்னைப் பார்த்தான். செவ்வாய்க்கிழமை திரும்பிப் பார்க்காமல் நடந்து போனவன், நான் அழுதது அவனுக்குத் தெரியாது. சிவப்பு காதிலிருந்து முகத்துக்கு இறங்கியது.

கண்டர்சன் காபியை ஊதி ஒரு மடக்குக் குடித்தார். மூடி பாதி காலி.

அதைப் பார்த்ததும்தான் எங்களுக்கு உயிர் வந்தது. அவன் லேப்டாப்பை இழுத்தான். நான் சால்டரை எடுத்தேன். அவன் எண்ணை மாற்றத் தட்ட ஆரம்பித்துவிட்டான், நான் வயரைப் பழையபடி நேராக்க மூக்குக் குறடைப் பிடித்துவிட்டேன். அதற்குள் எனக்கே பொறி தட்டியது.

"நிறுத்து! நிறுத்துடா! ரெண்டு பேரும் மாத்தினா மறுபடியும் அதே கூத்துதான்!"

அவன் கை அந்தரத்தில் நின்றது. என் சால்டரும் அந்தரத்தில் நின்றது. ஒரு வாசலில் எதிரெதிரே வந்து, வழிவிட இரண்டு பேரும் ஒரே பக்கம் நகர்ந்துகொண்டே இருப்பார்களே, அந்த மாதிரிதான். பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள்.

"யாராவது ஒருத்தர்" என்றேன். "யாரு?"

கோல்பி போர்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கடைசியில் மேஜையில் கிடந்த தன் படத்தைப் பார்த்தான்.

"நான்தான்" என்றான். "உன் வயர் இப்ப சரியா இருக்கும்மா. அதைத் தொடாத. என் தப்பு ரெண்டு. படமும் என்னுது, படத்தைச் சரிபாக்காம உன்னைச் சந்தேகப்பட்டதும் என்னுது. கையை எடு."

கையை எடுத்தேன். அவன் இரண்டு எண்களை இடம் மாற்றினான். வயரைச் செருகிப் புரோகிராமைப் பெட்டிக்குள் இறக்கினான். கண்டர்சன் மூடியைச் சாய்த்துக் கடைசிச் சொட்டை நாக்கில் விட்டுக்கொண்டிருந்தார். அந்த மனுஷனின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன், வாழ்நாளில் ஒரு ஆணின் தொண்டையை அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

"பிடுங்கு!" என்றான் கோல்பி.

பிடுங்கினேன். விளக்கு அணைந்தது. ஜன்னலோரம், பனி விழும் கண்ணாடிக்கு முன்னால், சின்னதாகச் சிவப்பு எரிந்தது.

நான் கோல்பியைக் கட்டிப் பிடித்தேன். நிபந்தனைகளில் கட்டிப் பிடிக்கக் கூடாது என்று இல்லை. அவனும் திமிறவில்லை.

கண்டர்சன் எங்கள் மேஜையில் இருந்த பஸ் பெட்டியை எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "இதுக்கு மூடி எங்க?"

"பஸ்ஸுல இருக்கு சார்" என்றேன். மத்தியானம் ஓடிய அவசரத்தில் கையோடு எடுத்துப் போய் அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

"மூடிக்கு மார்க் குறைப்பேன். மத்தபடி தேறிட்டீங்க." பிளாஸ்க்கைத் திருகி மூடினார். "அடுத்த பருவமும் உங்க ரெண்டு பேருக்கும் இதே மேஜைதான். அகரவரிசைய நான் மாத்தறதில்ல."

அடுத்த பருவமும் என்று அவர் சொன்னபோது கோல்பி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. காரில் வரும்போதும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான். நான் கேட்கவில்லை. என் வாய்க்கு அது பெரிய விரதம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்றால் எங்கள் ஊரில் வறுத்த மீன்தான். ஏரிக்கரை மதுக்கடையில் டாரல் எங்களுக்கு இடம் பிடித்து வைத்திருந்தான். மீன், உருளைக்கிழங்கு அப்பம், ரை தானிய ரொட்டி எல்லாம் வந்தன. டாரல் இருக்கிற ஒன்பது விரலாலும் சாப்பிட்டான்.

"என்ன மருமகனே, பை ரெடியா? நாலு மணிக்கு ஹாரன் அடிப்பேன். எந்திரிக்கலன்னா சோபாவோட தூக்கி வண்டில போட்டுருவேன்."

கோல்பி தட்டுக்குக் கீழே விரித்திருந்த காகிதத்தில் என்னவோ கிறுக்கிக்கொண்டிருந்தான். மூடியை எடுக்க ஷெட்டுக்குப் போனபோது எங்கள் சூப்பர்வைசர் பெட்டியைப் பார்த்துவிட்டு, "எல்லா பஸ்ஸுக்கும் செஞ்சு குடுப்பீங்களா?" என்று கேட்டிருந்தார். அதற்கான படம். ஒரே ஆபீஸ் பெட்டி, அதைச் சுற்றிப் பஸ் பஸ்ஸாகப் போட்டுக்கொண்டே போனான். போட்டது அழகாகத்தான் இருந்தது. நான் மீனைப் பிய்த்துக்கொண்டே எட்டிப் பார்த்தேன்.

ஒரு இடம் தப்பாக இருந்தது.

டாரல் கோல்பியின் பதிலுக்காகக் காத்திருந்தான். நான் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நாலு மணிக்கு ஹாரன் அடிக்கும். சொல்லாமல் விட்டுவிடு, நாளைக் கழித்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று மனசு கெஞ்சியது. பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்.

"தப்பு" என்றேன்.

பென்சில் நின்றது. காது நுனி சிவந்தது. டாரல் என்னை முறைத்தான், இதை இப்பத்தான் சொல்லணுமா என்கிற மாதிரி. சமையலறைப் பக்கம் யாரோ ஒரு தட்டைக் கீழே போட்டார்கள். கோல்பி கதவைப் பார்க்கவில்லை. காகிதத்தைக் கொஞ்சம் என் பக்கம் தள்ளினான்.

"எங்கே?" என்றான்.

முள்கரண்டியால் காட்டினேன். பஸ் எல்லாவற்றுக்கும் ஒரே அடையாள எண் கொடுத்திருந்தான். சிவப்பு எரிந்தால் எந்த பஸ் என்று யாருக்குத் தெரியும்?

"ஆமால்ல" என்று அடித்துவிட்டு, ஒவ்வொரு பஸ்ஸுக்கும் தனி எண் போட்டான். அவசரமே இல்லாமல், கடைசி பஸ் வரைக்கும். பிறகு ஒரு மீன் துண்டை எடுத்துக் கடித்துக்கொண்டே தன் மாமாவிடம் திரும்பினான்.

"மாமா, என் பைக்கு மேல மான்தோல் கையுறை ஒண்ணு இருக்கு. நீங்க எடுத்துட்டுப் போங்க, அங்க குளிரும். ஒரு விரல் மட்டும் உங்களுக்கு மிச்சமாகும்."